நுரையீரலுக்கு வெளியே காசநோய்: எந்த வகைப்பாட்டில் பதிவது?

எங்கள் மருத்துவமனையின் காசநோய்ப் பதிவேட்டை மாற்றியமைத்தபோது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வரையறை: நுரையீரல், அதற்கு வெளியே என்று இரண்டு பெரும் பிரிவு. மற்றது, உறுப்புவாரியாகக் குறியீடு தரும் ஐசிடி-10 (நோய்களுக்கான பன்னாட்டு வகைப்பாட்டின் பத்தாவது பதிப்பு). நாங்கள் ஐசிடி-10-ஐத்தான் முதன்மையாக வைத்தோம்.

அரசுக்குக் கணக்கு அனுப்ப முதல் முறை போதும். இரண்டு இடத்திலும் நோய் இருந்தால் நுரையீரல் கணக்கு. இரத்தம் வழியாக உடலெங்கும் பரவிய மிலியரி வகையும் அப்படியே. குழப்பமே இல்லை.

ஆனால் எங்களுக்கு முக்கியம், மருந்தை எப்போது நிறுத்துவது என்பது. கழுத்தில் நெறிக்கட்டி என்றால் பொதுவாக 6 மாதம். மூளை உறையிலோ முதுகெலும்பிலோ வந்திருந்தால் 12 மாதம் வரைகூடப் போகும். ‘வெளியே’ என்ற ஒரே தலைப்பில் இவர்கள் எல்லாரும் சேர்ந்து நிற்கும்போது, 6-வது மாதப் பட்டியலைப் பார்க்கும் ஊழியருக்கு யாருக்கு மருந்து தொடர வேண்டும் என்று தெரியாது. ஏ17.0 என்றால் மூளை உறை, ஏ18.0 என்றால் எலும்பும் மூட்டும், ஏ18.2 என்றால் வெளி நிணநீர்க் கணுக்கள். இப்போது முதல் இரண்டையும் தனியாகப் பிரித்து மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் சிகிச்சை முடிந்ததாகக் குறிக்கிறோம். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

நெஞ்சில் நீர் கோத்தவர்கள்தான் சிக்கல். நுரையீரலில் பாதிப்பு இல்லாமல் அதன் உறையில் மட்டும் நோய் இருந்தால், உலக சுகாதார நிறுவனக் கணக்கில் அது ‘வெளியே’. ஐசிடி-10-லோ ஏ15, ஏ16 என்று சுவாச மண்டலத்தில் போய் உட்காரும். மார்புக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் இதே கதி. குறியீட்டை மட்டும் எண்ணி அறிக்கை எழுதினால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. அதனால் இவர்களுக்கு மட்டும் பக்கத்தில் ‘வெளியே’ என்று எழுதி வைக்கிறோம்.

இன்னொரு குறையும் உண்டு. கிருமி உறுதியானதா, அறிகுறிகளை வைத்து மருத்துவர் முடிவு செய்ததா என்பதை ஐசிடி-10 சுவாச மண்டலத்துக்கு மட்டுமே பிரித்துச் சொல்கிறது. ஏ18-ல் அது தெரியாது. உலக சுகாதார நிறுவன முறையில் எல்லா உறுப்புக்கும் அந்தப் பிரிவு இருக்கிறது. திசு எடுக்கவே சிரமமான இடங்களில் இந்தத் தகவல் ரொம்ப அவசியம். ஆகவே அந்த ஒரு கட்டத்தை அங்கிருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்டோம்.

அதன் அடுத்த பதிப்பான ஐசிடி-11-ஐ நாங்கள் இன்னும் நடைமுறையில் பயன்படுத்திப் பார்க்கவில்லை. குழந்தைகள் எங்களிடம் குறைவாகவே வருகிறார்கள்; அதனால் குழந்தைகள் பிரிவுக்கு எங்கள் முறை எவ்வளவு பொருந்தும் என்று அங்கே வேலை செய்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.