வெள்ளப் பாடம்: காணொளியா, பாட்டியின் வாய்மொழியா?

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தை வகுப்பில் எப்படி நடத்துவது? காணொளி காட்டுவதா, வெள்ளத்தைக் கண்ட பாட்டியைப் பிள்ளைகளே நேர்காணல் செய்யச் சொல்வதா? தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

செலவு: காணொளிக்குப் புரொஜெக்டர், இணையம். நேர்காணலுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்.

நேரம்: காணொளி ஒரே பாடவேளையில் முடியும். நேர்காணலுக்கு வார இறுதியும் பெற்றோர் ஒத்துழைப்பும் வேண்டும்.

காரணம் புரிய: காணொளிதான். கனமழையோடு கடல் ஏற்றமும் சேர்ந்தால் ஆற்றுநீர் ஏன் வடியாது என்பதைப் படத்தில் காட்டினால் சட்டெனப் புரியும்.

மனத்தில் நிற்க: பாட்டியை மிஞ்ச முடியாது. தண்ணீர் ஏறியபோது எதை முதலில் அலமாரி மேலே தூக்கி வைத்தீர்கள், மருந்தையா, அடையாள அட்டையையா? கரண்ட் போனதும் சமையல் எப்படி? இப்படிக் கேட்கச் சொல்லுங்கள். சுவரில் சேற்றுக்கோடு மிச்சமிருந்தால் பிள்ளை அதைத் தன் தோளோடு அளந்து பார்க்கும். எந்தக் காணொளியும் இதைத் தராது.

ஒன்று மட்டும்: வெள்ளத்தில் உறவினரை இழந்த வீட்டில் கேள்வி கேட்க அனுப்பாதீர்கள்.

அறிவியல் பாடத்துக்குக் காணொளி போதும், சரி. தமிழ்க் கட்டுரைக்கும் நன்னெறிக்கும் நான் நேர்காணலைத்தான் எடுப்பேன்.