டைம்ட் அப் அண்ட் கோ சோதனை: 11 ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

இயன்முறை மருத்துவராகப் பணியாற்றும் நான், முதியவர்களின் நடமாட்டத்தை அளக்க இந்தச் சோதனையை 11 ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர எத்தனை வினாடிகள் ஆகின்றன என்பதே இதில் அளவு. 1991இல் இதை வெளியிட்ட போட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும், இருக்கை ஏறத்தாழ 46 செ.மீ. உயரமுள்ள, கைப்பிடி வைத்த நாற்காலியைக் குறிப்பிட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியை நான் நெடுநாள் பொருட்படுத்தவில்லை.

நான்காம் ஆண்டில் எங்கள் அறையின் நாற்காலி உடைந்து, சற்று உயரமான வேறொன்று வந்தது. முழங்கால் தேய்மானமுள்ள மூதாட்டி ஒருவர் 19 வினாடியிலிருந்து 16க்கு இறங்கிவிட்டார் என்று அவரிடமும் அவர் மகளிடமும் மகிழ்ச்சியோடு சொன்னேன். பின்னர் பழைய உயரத்தில் அமர்த்தி அளந்தபோது மீண்டும் 19 வந்தது. அதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல நேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தமே.

அன்று முதல் நாற்காலியின் உயரம், காலணி, ஊன்றுகோல், பார்க்கின்சன் நோயாளியென்றால் மருந்து உட்கொண்ட நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறேன். ஒரே நடையை இருவர் அளந்தால் விடைகள் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் அதே நோயாளி அடுத்த வாரம் எப்படி நடப்பார் என்பதற்கு அந்த ஒற்றுமை உறுதியளிக்காது. பார்க்கின்சன் நோயில் எவ்வளவு மாறினால் அதை உண்மையான மாற்றமாகக் கொள்ளலாம் என்பதற்கு 2008இல் வந்த ஓர் ஆய்வு 11 வினாடி என்றும், 2011இல் வந்த மற்றொன்று 3.5 வினாடி என்றும் கூறுகின்றன. எனவே 2 வினாடிக் குறைவை முன்னேற்றம் என எழுத என் கை இப்போது தயங்குகிறது.

ஏற்புடைமை, அதாவது அளக்க வேண்டியதையே சோதனை அளக்கிறதா என்பது, இன்னும் நுட்பமானது. விழும் ஆபத்துக்கு எல்லையாகப் பலர் சொல்லும் 13.5 வினாடி, 2000ஆம் ஆண்டில் 30 முதியவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்விலிருந்து வந்தது. 11 வினாடியில் முடித்த ஒருவர் இரவில் கழிவறைக்குச் செல்லும்போது விழுந்ததை நான் அறிவேன். வெளிச்சமான அறையில் நேராக நடக்கச் சொல்லும் சோதனை, இருட்டையும் ஈரத் தரையையும் அவசரத்தையும் அளப்பதில்லை. ஆகையால் வினாடிகளைக் குறிக்கும் முன், கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தீர்கள், எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன்.