பத்தடியா, நாலரையடியா? வன்னி வெயிலில் பிள்ளைகளுக்கு ஏற்ற ட்ரம்போலின்

போன வருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ரொரன்ரோவிலிருந்து அண்ணா தொலைபேசி எடுத்தார். "பிள்ளையளுக்கு ஒரு ட்ரம்போலின் எடு. பத்தடி எடு, சின்னதுக்குப் போகாத. காசு நான் போடுறன்." ட்ரம்போலின் என்றால் வட்டச் சட்டத்தில் விரிப்பை இழுத்துக் கட்டி, சுற்றிவர வலை போட்டு, பிள்ளைகள் ஏறித் துள்ளி விளையாடுவது. மகளுக்கு அப்போது ஆறு வயது, மகனுக்கு மூன்றரை. வட்டக்கச்சியில் எங்கள் வளவு முக்கால் ஏக்கர், இடத்துக்குப் பஞ்சமில்லை. இருந்தும் கடைசியில் நாங்கள் எடுத்தது நாலரையடி அகலமான சின்னது. ஸ்பிரிங்குக்குப் பதிலாக எலாஸ்ரிக் கயிறு கட்டியது, இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அண்ணாவுக்கு மனவருத்தம்தான். அவருக்குத் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்ன காரணங்களை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இதே யோசனையில் இன்னும் பல தாய்தகப்பன் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலை இல்லாததை வாங்க வேண்டாம். வலை ஸ்பிரிங்குகளுக்கு உட்பக்கமாக நிற்க வேண்டும். வெளிப்பக்கம் நின்றால் பிள்ளை ஸ்பிரிங்குக்கு மேல்தான் விழும். ஏணியை விளையாட்டு முடிந்ததும் கழற்றி உள்ளே வையுங்கள், இல்லாவிட்டால் தவழும் பிள்ளையும் ஏறிவிடும். சுற்றிவர இரண்டு மீற்றர் வெறுமையாக இருக்க வேண்டும். பெரியதென்றால் மேலே 24 அடிக்கு மாங்கொப்போ உடுப்புக் காயப்போடும் கம்பியோ மின்கம்பியோ இருக்கக்கூடாது.

எங்கள் முன்னே நாலு வழி இருந்தன. இரண்டை விரைவிலேயே கைவிட்டோம்.

ஒன்று, நிலத்தில் கிடங்கு வெட்டி, விரிப்பு நிலமட்டத்துக்கு வரும்படி பதிப்பது. வெளிநாட்டுப் படங்களில் அழகாக இருக்கும், உயரத்திலிருந்து விழும் பயமும் குறைவு. என் கணவர், இவர், ஒரு கட்டையில் கயிறு கட்டி வட்டம் கீறி, ஒரு முழ ஆழத்துக்கு வெட்டியும் விட்டார். பின்னேரம் மாமி கோழிக்குத் தீன் போட வந்தவர் அந்த வட்டத்தைக் கண்டு அப்படியே நின்றார். தீன் சட்டியைக் கீழே வைக்கவும் இல்லை, போடவும் இல்லை. "பிள்ளை, உந்தக் கிடங்கை மூடச் சொல்லு. எங்கட பிள்ளையளுக்கு நிலத்துக்குக் கீழ ஒரு அலுவலும் வேண்டாம்." போர்க்காலத்தில் பங்கருக்குள் இருந்து எழும்பி வந்தவர் அவர். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை, அன்றிரவே இவர் மண்ணைத் தள்ளி மூடினார். மாமியின் மனம் ஒருபக்கம் இருக்க, வேறு காரணங்களும் உண்டு. மாரியில் அந்தக் கிடங்கு குளமாகும், நுளம்பு பெருகும், கோடையில் நிழல் தேடும் கண்ணாடிவிரியனுக்கு நல்ல இருப்பிடம். வன்னியில் மண்ணைத் தோண்டும்போது இரும்பாக ஏதாவது மண்வெட்டியில் பட்டால், போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம் என்று தொடாமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டு பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்ல வேண்டிய நிலையும் இன்னும் முடிந்துவிடவில்லை.

இரண்டாவது, ஸ்பிரிங்கே இல்லாத வகை. நியூசிலாந்தின் கன்ரபரிப் பல்கலைக்கழகத்தில் கீத் அலெக்சாண்டர் என்ற பொறியியலாளர் உருவாக்கியது. விரிப்புக்குக் கீழே வளையும் கண்ணாடியிழைக் கம்பிகள் தாங்குகின்றன. இரும்புச் சட்டம் விரிப்பின் மட்டத்துக்குக் கீழே ஒதுங்கிவிடுவதால் பிள்ளை விழுந்து அடிபட வன்மையான விளிம்பு இல்லை. அமைப்பை மட்டும் பார்த்தால் நாலிலும் இதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் அண்ணா அனுப்பிய காணொளியில் பார்த்ததைத் தவிர அதோடு எனக்குப் பழக்கமில்லை, எனவே ஆகா என்று சொல்லவும் மாட்டேன். விலையும் கப்பற்கூலியும் ஒருபக்கம். ஒரு கம்பி முறிந்தால் மாற்றுக்கம்பி கிளிநொச்சி வந்து சேரும்வரை பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மிஞ்சியவை பத்தடி ஸ்பிரிங் வகையும் நாலரையடி எலாஸ்ரிக் வகையும்.

பத்தடிக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அதில்தான் உண்மையான துள்ளல் இருக்கிறது. ஸ்பிரிங் நீளமாக இழுபட்டுத் திரும்புவதால் பிள்ளை மெதுவாக இறங்கி உயரமாக எழும்பும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை உதவும். எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒரே பிள்ளை, பக்கத்திலேயே நிற்கும் பெரியவர் என்று இருக்கும் வீட்டில் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீடு அப்படி இல்லை. சனி, ஞாயிறு வந்தால் ஒழுங்கையில் உள்ள பிள்ளைகள் எல்லாரும் எங்கள் முற்றத்தில்தான்.

தங்கச்சியின் மகன், என் பெறாமகன், நாலு வயதில் ஒரு உறவினர் வீட்டுப் பத்தடியில் கால் முறிந்து கிடந்தான். அவன் விழவே இல்லை என்பதுதான் எங்களுக்கு விளங்காமல் இருந்தது. பதினொரு வயதுப் பையனோடு சேர்ந்து துள்ளிக்கொண்டிருந்தவன் திடீரென்று இருந்துவிட்டான். அழுதான், எழும்ப மாட்டேன் என்றான். வலையும் மெத்தையும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. படம் எடுத்துப் பார்த்தபோது முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பில் மெல்லிய வெடிப்பு. பாரமான பிள்ளை மிதித்து எழும்பும்போது விரிப்பு மேலே எகிறுகிறது. அந்தக் கணத்தில் சின்னப் பிள்ளை இறங்கிக்கொண்டிருந்தால் இரண்டும் எதிரெதிராக மோதி, பாரமெல்லாம் அந்த இளம் எலும்பில் இறங்குகிறது. 'ட்ரம்போலின் முறிவு' என்றே மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012 இல் வெளியிட்ட அறிக்கையில், காயங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒன்றுக்கு மேற்பட்டவர் ஒரே நேரத்தில் ஏறும்போதுதான் நடக்கிறது என்றும், கூடத் துள்ளும் பாரமான பிள்ளையைவிடச் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து 14 மடங்கு வரை அதிகம் என்றும் சொல்லியிருக்கிறது. வலை போட்டதால் காயங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. உண்மையில் அந்தக் கழகம் வீட்டில் ட்ரம்போலின் வைக்கவே வேண்டாம் என்ற பக்கம்தான். அதை மறைத்துவிட்டு நான் எழுதக்கூடாது. அமெரிக்கத் தரவிதியும் 51 சென்ரிமீற்றருக்கு மேல் உயரமான ட்ரம்போலின் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆகாது என்கிறது. பத்தடியின் விரிப்பு நிலத்திலிருந்து இரண்டடிக்கு மேலே நிற்கும். எங்களுடையது ஓரடிக்குச் சற்று மேல். நாலரையடி வட்டத்துக்குள் இரண்டு பிள்ளைகள் ஏறினால் துள்ளவே முடியாது, தாங்களாகவே ஒருவர் இறங்கிவிடுவார்கள்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். எங்கள் முடிவை உண்மையில் தீர்மானித்தது வெயில்.

காசு வந்த கிழமையே புதுக்குடியிருப்பில் ஒரு தெரிந்த வீட்டுக்குப் போனோம். அவர்களிடம் இரண்டு வருடமாக ஒரு பத்தடி நின்றது. பத்துக் காலடி தள்ளி நின்று பார்த்தால் நல்ல நிலையில்தான் இருந்தது, கறுப்பு வலை நிமிர்ந்து நின்றது. கிட்டப் போய் மேற்குப் பக்க வலையில் ஒரு இழையைப் பெருவிரல் நகத்தால் சுரண்டினேன். நூல் பிரியவில்லை, மாவாக உதிர்ந்தது. விரல் நுனியில் கரித்தூள்போல ஒட்டிக்கொண்டது. இரண்டு விரலைக் கொடுத்து இழுத்தேன், ஈரக் கடதாசிபோலக் கிழிந்தது. வேப்பமரத்தின் நிழல் விழும் பக்கத்தில் அதே வலை, அதே வயது, முழுப் பலத்தோடு இழுத்தும் அசையவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வருடமும் அந்த மேற்குப் பக்க வலையில் முதுகைச் சாய்த்து விளையாடியவர்கள்.

வலை பொலித்தீன் இழை, விரிப்பு பொலிபுரொப்பிலீன் நெசவு. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் இரண்டையும் மெல்ல மெல்ல முறித்து நொறுங்க வைக்கும். கறுப்புச் சாயமும் காப்புப் பொருளும் சேர்த்திருந்தால் கொஞ்சம் தாமதமாகும், நிற்காது. 2009 இல் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்த எங்களுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெடித்து, காற்றடித்தால் செதில் செதிலாகக் கழன்றதைக் கண்ட கண்கள். தை மாதம் மழை ஓய்ந்தால் ஐப்பசி வரை, சித்திரையில் பெய்யும் கொஞ்சத்தைத் தவிர, வெயில் நின்று எரிக்கும் மண் இது. குளிர்நாட்டில் நாலைந்து வருடம் தாங்கும் வலை இங்கேயும் அவ்வளவு தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி இருக்க முடியாது.

பத்தடியைத் தறப்பாளால் மூடலாமே என்று இவர் கேட்டார். ஆனி, ஆடிச் சோளகக் காற்றில் மூடிப் பாருங்கள். வலையோடு நிற்கும் பத்தடி ஏற்கெனவே ஒரு பாய்மரம், மேலே தறப்பாளும் கட்டினால் வேலிக்கு அந்தப் பக்கம் போய்த்தான் தேட வேண்டும். திருகாணி முளை அடித்துக் கட்டலாம், ஆனால் கோடையில் இறுகிப் பிடிக்கும் எங்கள் செம்மண் மாரியில் நெகிழ்ந்துவிடும். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறியதுபோல இன்னொன்று வந்தால், ஐம்பது அறுபது ஸ்பிரிங்கையும் கழற்றி அடுக்க வேண்டும். இரண்டு பேருக்கு அரைநாள் வேலை. மாரி முடிந்தால் துருவும் இருக்கிறது. ஸ்பிரிங்குக்கும் குழாய்க்கும் நாகமுலாம் தோய்த்திருந்தால் தாங்கும், வெறும் பெயின்ற் என்றால் மூட்டுத் துளைகளில் இருந்து துரு இறங்கத் தொடங்கும். அளம்பில், கொக்கிளாய் போன்ற கரையோரங்களில் உப்புக்காற்றும் சேரும் என்பதால் அங்கே இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

சின்னதை நாங்கள் விறாந்தையில் வைத்திருக்கிறோம். நாலரை மணிக்கு இவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாமர நிழலுக்குக் கொண்டுவருவோம், ஆறரைக்குத் திரும்ப உள்ளே. ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம், அதுவும் சாய்ந்த வெயில். பதினாலு மாதம் கழித்தும் வலை இழையை நகத்தால் சுரண்டினால் மினுக்கம் மட்டும்தான் போகிறது. மாரியிலும் துருவில்லை. விறாந்தைச் சீமெந்தில் வைத்துத் துள்ள விடுவதில்லை, அது கண்டிப்பு. பத்தடியை இப்படித் தூக்கி வைக்க முடியாது என்ற ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

குறைகளும் உண்டு. வலை வாசலின் சிப் நாலாம் மாதமே பழுது, தையல்கடையில் கொடுத்து நல்லதாக மாற்றினோம். எலாஸ்ரிக் கயிறு முப்பத்தாறில் இரண்டு நெகிழ்ந்து, பெட்டியோடு வந்த மேலதிகக் கயிற்றைப் போட்டோம். றப்பருக்கும் சூடு எதிரிதான், மூன்றாம் வருடத்தில் எல்லாவற்றையும் ஒருமிக்க மாற்ற வேண்டி வரலாம் என்று நினைக்கிறேன், அவ்வளவு காலம் இன்னும் நாங்கள் வைத்துப் பார்க்கவில்லை. ஒன்றிரண்டை மட்டும் புதிதாகப் போட்டால் ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்வு என்று விரிப்பு சரியும், அதைக் கவனியுங்கள். பிள்ளை வலையில் தொங்கினால் சட்டமே ஒருபக்கம் எழும்பும். அதனால் கால்களைக் மண்ணுக்குள் பாதி புதைத்த இரண்டு கட்டைகளோடு கட்டுகிறோம். பெட்டியில் 45 கிலோ வரை என்று அச்சிட்டிருக்கிறது. மகளுக்கு இப்போது 21 கிலோ, எனவே பாரம் இப்போதைக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அவள் உயரமாகத் துள்ள ஆசைப்படத் தொடங்கிவிட்டாள்.

பழையது வாங்க யோசிப்பவர்களுக்கு ஒன்று. சின்னதை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு போகலாம், தங்கச்சி இப்போதே எங்களுடையதைக் கேட்டு வைத்திருக்கிறாள். பெரியதைப் பழையதாக வாங்கப் போனால் குழாயைத் தட்டிப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். மேற்குப் பக்க வலையையும், விரிப்பில் ஸ்பிரிங் கொழுவும் தையல் வரியையும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கழற்றிக் கையில் வைத்திருக்கும்போதே சுருளுக்கும் சுருளுக்கும் இடையே வெளிச்சம் தெரியும் ஸ்பிரிங் இழுபட்டுப்போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் சுற்றிவந்து ஒவ்வொரு கயிறாகத் தொட்டு எண்ணுவாள். முப்பத்தாறு வந்தால்தான் தம்பி ஏறலாம். ஒருவருக்கு இருபது துள்ளல், அடுத்தவர் வெளியே நின்று எண்ண வேண்டும். தம்பி பதினாறுக்குப் பிறகு திரும்பப் பத்திலிருந்து எண்ணுவான், அவள் அதற்குச் சண்டை பிடிப்பாள். ஆவணி விடுமுறைக்கு அண்ணா வருகிறார், பத்தடிக் கதையை அவர் இன்னும் விடவில்லை. மகளுக்கு எட்டு வயது முடியட்டும், வளவின் தெற்குப் பக்கத்தில் வேப்பமர நிழல் எத்தனை மணி வரை நிற்கிறது என்று ஒரு கோடை முழுக்கப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.