அம்பாசிடரின் ஸ்டாப் லைட் சுவிட்ச்: எண்ணெய் அழுத்தமா, மிதிக் கம்பியா?

நாங்குநேரியிலிருந்து நெல்லைக்கு வரும் நான்குவழிச் சாலையில் உங்களுக்கு முன்னால் ஒரு பழைய அம்பாசிடர் போனால் கொஞ்சம் விலகியே வாருங்கள். அதற்குப் பிரேக் பிடிக்காது என்பதால் அல்ல. பிடிப்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது என்பதால். கல்யாண ஊர்வலத்துக்கென்று பளபளப்பாகத் தேய்த்து வைத்திருக்கும் வண்டிகளிலும் ஸ்டாப் லைட் மட்டும் தூங்கிக்கொண்டிருக்கும். பட்டறையில் சொன்னால், “பிரேக் பிடிக்கிறது அல்லவா அண்ணாச்சி, லைட் எதற்கு?” என்று பதில் வரும்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவிப் பிறந்தது அம்பாசிடர். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வழக்கப்படி பழைய வண்டிகளில் ஸ்டாப் லைட் சுவிட்ச் மிதியருகே இருக்காது. பிரேக் எண்ணெய்க் குழாய் இணைப்பில் திருகப்பட்டிருக்கும். மிதித்தால் எண்ணெயின் அழுத்தம் உள்ளே இருக்கும் சவ்வைத் தள்ளும். சவ்வு ஒரு செம்புத் தகட்டைத் தள்ளும். இரண்டு முனைகளும் சேர்ந்து விளக்கு எரியும்.

எதையும் வாங்கும் முன் சாவியைத் திருப்பி வைத்து, சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் குற்றவாளி சுவிட்ச். எரியாவிட்டால் ஃப்யூஸ், பல்பு, எர்த் (மின்சாரம் வண்டியின் உடல் வழியே திரும்பும் இணைப்பு) என்று பின்னோக்கித் தேட வேண்டும். பின் விளக்குக் கூட்டின் எர்த் துருப்பிடித்திருப்பதைக் கவனிக்காமல் நல்ல சுவிட்சைத் தூக்கி எறிகிறவர்கள் நிறைய.

சுவிட்ச்தான் கெட்டது என்றால், முதல் வழி அதே போன்ற புதிய அழுத்த சுவிட்ச். வண்டியின் அசல் தன்மை கெடாது, எங்கும் துளை போட வேண்டாம். வேலையும் சிறியதுதான்: மிதிக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து மிதியைச் சற்றே அமுக்கி வைத்தால், மிதியின் விசையை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் இறங்கும் துளை அடைபடும், பழையதைக் கழற்றிய கையோடு புதியதைத் திருகினால் அதிகம் ஒழுகாது. பிறகு குழாயில் புகுந்த காற்றை எடுத்தே ஆக வேண்டும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள்; அதன் இழைகள் குழாய்க்குள் போகும். ஓங்கி முறுக்கினால் பித்தளை இணைப்பு விரிசல் விடும், அப்புறம் ஸ்டாப் லைட் கவலை போய்ப் பிரேக் கவலை வந்துவிடும்.

இதன் குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. விளக்கெரிய அழுத்தம் ஏற வேண்டும். ஈரடுக்குப் பாலத்தில் ஊர்ந்து போகும்போதோ, மணிமுத்தாறு மலைப்பாதையில் லேசாகக் கால் வைத்து இறங்கும்போதோ அந்த அழுத்தம் போதாமல் போகலாம். சுவிட்ச் பழசாக ஆக இன்னும் பலமாக மிதித்தால்தான் எரியும். நின்ற வண்டியில் ஓங்கி மிதித்துச் சோதிக்கிறவர் ‘எரிகிறதே’ என்று திருப்தியோடு போய்விடுவார். அதைவிடப் பெரிய குறை, எண்ணெய் ஒழுகிப் பிரேக்கே கைவிடும் நேரத்தில் அழுத்தம் இல்லாததால் விளக்கும் எரியாது என்பது. பின்னால் வருகிறவருக்கு எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நொடியில் இது ஊமையாகிவிடும். சுவிட்சின் ஒயர் முனையில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அது மின்சாரக் கோளாறு அல்ல, பிரேக் கோளாறு. அன்றே மாற்றுங்கள்.

இரண்டாவது வழி மிதியிலேயே பொருத்தும் சுவிட்ச். மிதி நகர்ந்தாலே விளக்கு எரியும், அழுத்தத்துக்குக் காத்திருக்காது. இதில் இரண்டு வகை. பிற்காலக் கார்களில் வரும் குமிழ் சுவிட்ச் ஒன்று: மிதி ஓய்வில் இருக்கும்போது குமிழை அமுக்கிக்கொண்டிருக்கும், மிதித்தால் குமிழ் வெளியே வந்து விளக்கை ஏற்றும். மற்றது மோட்டார் சைக்கிளின் பின் பிரேக்குக்கு வரும் இழுவை சுவிட்ச், ஒரு ஸ்பிரிங் கொண்டு மிதிக்கம்பியோடு கோக்கப்படுவது. மலிவு, எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். தரைக்குக் கீழே கம்பி போகும் பழைய மிதிக்கு இதுவே ஒத்துவரும். ஆனால் ஐப்பசி மழையில் சேறு அப்பிக்கொள்ளும், ஸ்பிரிங் துருவேறும்.

குமிழ் வகையில் கவனிக்க வேண்டியது சுவிட்சை அதன் இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் லாக் நட். விளக்கு சட்டென எரிய வேண்டும் என்று சுவிட்சை மிதியை நோக்கி அதிகம் தள்ளிவைத்தால் மிதி முழுதாகத் திரும்பி வராது. முன்பு நமக்கு உதவிய அதே துளை இப்போது அடைபட்டுக் கிடக்கும். எண்ணெய் திரும்ப வழியின்றிப் பிரேக் இறுகிக்கொண்டே போகும். ஆலங்குளம் தாண்டுவதற்குள் டிரம்கள் கொதிக்கும். மிதியில் சிறிதளவு தளர்வு இருந்தே தீர வேண்டும்.

எந்த வழியில் போனாலும் நான் வற்புறுத்துவது ஒரு ரிலேயை, அதாவது சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் கருவியை. இரண்டு 21 வாட் பல்புகள், 12 வோல்ட். மூன்றரை ஆம்பியர் மின்சாரம் அந்தச் சின்னத் தகட்டின் வழியே பாய்கிறது, இழை குளிர்ந்திருக்கும் முதல் நொடியில் அதைவிடப் பல மடங்கு. முனைகள் கருகுவதற்கு இதுதான் காரணம். ரிலே வைத்துவிட்டால் சுவிட்ச் சுமப்பது அதில் மிகச் சிறு பங்கு. ஒரு பல்புக்கென்று செய்த மோட்டார் சைக்கிள் சுவிட்சைக் காரில் வைப்பவருக்கு ரிலே கட்டாயம். டயோடு உள்ள ரிலே வாங்கினால் முனை மாறாமல் இணைக்க வேண்டும். பழைய வண்டிகளில் சிலவற்றில் பாட்டரியின் நேர்முனையே உடலோடு சேர்ந்திருக்கும். எல்.இ.டி. பல்பும் சுமையைக் குறைக்கும், ஆனால் பழைய கண்ணாடிக்குப் பின்னால் அதன் ஒளி எனக்குப் பிடிப்பதில்லை. கருகிய சுவிட்சைப் பிரித்துச் சுரண்டிப் பயன்படுத்துவது பற்றிப் பேசவே வேண்டாம்.

என் தேர்வு இதுதான். பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, 2021-ஆம் ஆண்டின் விதிப்படி விண்டேஜ் பதிவெண் வாங்கி, விழாவுக்கு மட்டும் வெளியே வரும் வண்டிக்கு அழுத்த சுவிட்சும் ரிலேயும். தென்காசிக்கும் நெல்லைக்கும் அடிக்கடி ஓடும் வண்டிக்கு மிதி சுவிட்சும் ரிலேயும். பழைய அழுத்த சுவிட்ச் கசியாத வரை அந்த மரைத்துளைக்கு அடைப்பாக அங்கேயே இருக்கட்டும். இரண்டில் எது வேலை செய்தாலும் விளக்கு எரியும்படி இணைகட்டாக ஒயர் செய்கிறவர்களும் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் ஒன்று செத்தாலும் மற்றது மறைத்துவிடும்; அவ்வப்போது ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சுவிட்சுக்கு முன் பிரேக் எண்ணெயை முழுவதும் மாற்றுங்கள். வழக்கமான பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் புது சுவிட்சையும் உள்ளிருந்தே அரித்துவிடும்.