‘ஃபைபர்’ என்று சொல்லி விற்றார்கள், வீட்டுக்கு வந்தது காற்றில்

ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் வீடு எங்களுடையது. போனில் நெட் வேண்டுமென்றால் ஜன்னலோரம் ஒரு குறிப்பிட்ட மூலையில் போய் நிற்க வேண்டும். அப்படி நின்று நின்று அலுத்துப்போன நேரத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது: ‘உங்கள் பகுதியில் இப்போது ஃபைபர் இன்டர்நெட், 50 எம்பிபிஎஸ் வரை.’ ஃபைபர் என்றால் கண்ணாடி இழைக் கேபிள் வழியாக வரும் நெட். அந்த ‘வரை’ என்ற சொல்லை நான் படித்தேன்தான். ஆனால் மண்டையில் ஏறவில்லை.

போன் செய்ததும் மறுநாளே ஆள் வந்தார், ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டார். மாதாமாதம் கட்டும் பிளான் இருக்கிறதா என்று கேட்டேன். “இருக்கு சார், ஆனா அதுல இன்ஸ்டலேஷன் ஃப்ரீ கிடையாது” என்றார். சரி, ஓராண்டுதானே என்று விட்டுவிட்டேன். முதல் தப்பு அதுதான்.

இணைப்பு கொடுக்க வந்த பையன் கையில் கேபிள் சுருள் இல்லை. ஒரு வெள்ளை டிஷ்ஷும் இரும்புக் குழாயும்தான் இருந்தன. “தம்பி, ஃபைபர்னு சொன்னாங்களே?” என்றேன். “டவர் வரைக்கும் ஃபைபர்தான் அண்ணா, அங்கேருந்து இங்க வயர்லெஸ்” என்றான். டவர் 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பொய் என்று சொல்லவும் முடியாது, உண்மை என்று சொல்லவும் மனம் வராது. டிஷ்ஷை மாட்டி, தன் போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டினான். 48 வந்தது. காலை பதினொரு மணி. நானும் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் மழை வந்தது. மழை நின்ற பிறகும் நெட் பழைய நிலைக்கு வரவில்லை. காரணம் புரிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. டிஷ் மாட்டியது இலையுதிர்ந்த காலத்தில். மழைக்குப் பிறகு வழியில் இருந்த மரங்கள் எல்லாம் தழைத்துவிட்டன. இந்த டிஷ்கள் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுபவை. இலையில் இருக்கும் ஈரம் அந்த அலையை உறிஞ்சிவிடும், சிதறடிக்கும். டவரின் உச்சி கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது போதாது. அலை நூல் பிடித்த மாதிரி போவதில்லை. நடுவில் பருத்து, இரண்டு முனையிலும் குறுகிய சுருட்டு வடிவில் அதற்கு இடம் வேண்டும். ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். 4 கிலோமீட்டருக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில், நடுப்பகுதியில் அதன் ஆரம் ஏறக்குறைய 7 மீட்டர். அதில் குறைந்தது 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இன்னும் இரண்டு ஆள் உயரத்துக்குக் குழாயை ஏற்றியிருந்தால் ஓரளவு தப்பித்திருக்கலாம். அதற்கும் அளந்து பார்க்க ஒருவர் வந்திருக்க வேண்டுமே!

புகார் எண்ணுக்குப் போன் செய்தால் ஒரே பதில்: “ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்.” கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மரத்தை மட்டும் குறை சொல்லிவிடவும் முடியவில்லை. வெயில் காய்ந்த நாட்களிலும் இரவு எட்டு மணிக்கு மேல் வீடியோ கால் உறைந்து நின்றது. அப்போதுதான் கணினியை லேன் கேபிளில் ரவுட்டரோடு நேரடியாக இணைத்து, மூன்று இடத்துக்குப் பிங் (சின்ன செய்தி ஒன்றை அனுப்பி, பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது) போட்டு வைத்தேன்: என் ரவுட்டர், டவர் முனை, வெளியே ஒரு பொதுவான சர்வர். ரவுட்டர் எப்போதும் 1 மில்லிசெகண்ட். டவர் முனை வறண்ட நாட்களில் 5, 6. வெளியே போகும் பிங் மட்டும் பகலில் 30, இரவில் 400. அதாவது எனக்கும் டவருக்கும் நடுவில் அப்போது கோளாறு இல்லை, டவருக்குப் பின்னால்தான் நெரிசல். ஆனால் அவர்களுடைய ஆப்பில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் அந்த நேரத்திலும் 45 காட்டும்! சோதனை சர்வர் அவர்களுடைய நெட்வொர்க்குக்கு உள்ளேயே, நெரிசலுக்கு இந்தப் பக்கமே இருந்தது. வேறு சர்வரை நானே தேர்ந்தெடுத்தபோது 3 வந்தது. வீட்டு வாசல் வரை நடந்து பார்த்துவிட்டு, ரோடு முழுக்க நன்றாக இருக்கிறது என்று சொல்வது போலத்தான்.

மூன்றாவது முறை புகாருக்கு வந்தபோது அந்தப் பையனே மனசு கேட்காமல் சொல்லிவிட்டான்: “நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க அண்ணா. அந்த டவருக்கே ஃபைபர் கிடையாது. அடுத்த டவர்லேருந்து காத்துலதான் வருது. ஆளுங்களைச் சேர்த்துக்கிட்டே போறாங்க.” ஆக, ‘டவர் வரைக்கும் ஃபைபர்’ என்ற பாதி உண்மையும் போயிற்று. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. விற்றவர் வேறு, வெயிலில் குழாய் ஏறுகிறவன் வேறு.

23 நாள் பிங் பதிவுகளை எழுதி அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஒப்பந்தத்தில் ‘50 வரை’ என்றுதான் இருக்கிறது, குறைந்தபட்ச வேகம் என்று எதுவும் எழுதவில்லை என்று பதில் வந்தது. 3 கூட ‘50 வரை’க்குள் அடக்கம்தானே. கடைசியில் மீதி மாதங்களுக்குப் பாதி கொடுத்தார்கள், அதுவும் ரவுட்டருக்குப் பிடித்துக்கொண்டு.

வயர்லெஸ்ஸே மோசம் என்று நான் சொல்லவில்லை. தடையில்லாத பார்வைக்கோடும், டவருக்குப் பின்னால் போதுமான கொள்ளளவும் இருந்தால் அது நன்றாகவே ஓடும். ஆனால் பணம் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: வீட்டுக்குள் நுழைவது கண்ணாடி இழையா, செம்புக் கம்பியா, காற்றா? டவருக்கு நெட் எதில் வருகிறது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதே டவரில் ஏற்கெனவே இணைப்பு வைத்திருப்பவர் வீட்டுக்கு இரவு ஒன்பது மணிக்குப் போய், லேன் கேபிளில் சோதித்துப் பாருங்கள். பகல் சோதனை ஒன்றுக்கும் உதவாது. 50 எம்பிபிஎஸ் என்றால் ஒரு நொடிக்கு 50 மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதனால் ஒரு நொடிக்கு 50 மெகாபைட் இல்லை, 6.25 மெகாபைட்தான் என்பதும் நினைவிருக்கட்டும்.

சாட்டிலைட்டும் விசாரித்தேன். பூமிக்கு மேல் 35,786 கிலோமீட்டரில் நிற்கும் பழைய வகையில் நாம் கேட்டது போய்ப் பதில் திரும்பி வரவே அரை நொடிக்கு மேல் ஆகும். பேசினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்போம். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புதிய வகையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கும் மரம் மறைக்காத வானம் வேண்டும், என் வீட்டில் அது இல்லை.

இப்போது சிம் போடும் 4ஜி ரவுட்டர் வைத்து, வெளியே கம்பத்தில் ஆன்டெனா மாட்டியிருக்கிறேன். போனில் தெரியும் கோடுகளை நம்பாமல், சிக்னலின் வலிமையைச் சொல்லும் டிபிஎம் அளவைப் பார்த்து இடம் தேடினேன். மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்குள் மைனஸ் 114, கம்பத்தின் மேல் மைனஸ் 96. இரவில் 12 எம்பிபிஎஸ் வருகிறது. பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் வீடியோ கால் உறையவில்லை. பழைய டிஷ் இன்னும் மாடியில்தான் நிற்கிறது. எடுத்துப் போக ஆள் அனுப்புவதாகச் சொல்லி நான்கு மாதம் ஆகிறது.