பழைய பீமுக்கு அடியில் கான்கிரீட் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உஷார்

கடலூரில் உள்ள எங்கள் வீட்டு மாடியில் ஒரு ரூம் கட்டினோம். அதன் சுவர் கீழே ஹால் பீமுக்கு நேர் மேலே வருகிறது, பீமோ 9க்கு 12 இஞ்ச்தான். காண்ட்ராக்டர் பார்த்துவிட்டு, "அடியில 6 இஞ்ச் சேர்த்து 18 ஆக்கிடலாம் சார், ரெண்டு 16 எம்எம் கம்பி போட்டு, கெமிக்கல் வச்சு பழசோட பிடிக்க வச்சிடுவோம்" என்றார். பூச்சை உடைத்துக் கொத்துவது, துளை போட்டு கெமிக்கலில் கம்பி நடுவது, எபாக்ஸி பசை பூசுவது என்று கொட்டேஷனில் தனித்தனியாகப் போட்டு முழுப் பணமும் வாங்கிக்கொண்டார். இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. நாங்கள் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து வேலையை முடித்து, பூசி, பெயிண்டும் அடித்துவிட்டார்கள்.

மாடிச் சுவர் ஏறியதும் தூண் பக்கத்தில், பழசும் புதுசும் சேரும் இடத்தில், கோடு போட்ட மாதிரி படுக்கை விரிசல். கேட்டால் "பூச்சு விரிசல் சார், பட்டி பார்த்தா சரியாயிடும்" என்கிறார். நம்பிக்கை வராமல் வெளியிலிருந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டோம். அவர் பூச்சைத் தட்டிவிட்டு அந்த இடுக்கில் ஹாக்சா பிளேடைச் செருகினார், தடையே இல்லாமல் மறுபக்கம் வந்தது. அப்புறம் ஓரத்தில் ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்துக் காட்டினார்: புது கான்கிரீட்டின் மேல்முகத்தில் பழைய பீமின் வெளிர்பச்சை டிஸ்டம்பர் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பெயிண்டைக்கூடச் சுரண்டாமல் ஊற்றியிருக்கிறார்கள். கம்பி நுனியைத் தூணில் கொஞ்சம் செருகியிருப்பதால்தான் அது விழாமல் தொங்குகிறதாம்.

பீம் வளையும்போது இரண்டு அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும், ஒட்டாமல் அடுக்கி வைத்த இரண்டு பலகை மாதிரி. அந்த வழுக்கலைத் தடுப்பது சொரசொரப்பாகக் கொத்திய முகமும், இரண்டு அடுக்கையும் ஊடுருவி நிற்கும் கம்பியும்தான். அது இல்லையென்றால் அடியில் போட்ட புதுக் கம்பிக்கு இழுவிசை போய்ச் சேரவே வழியில்லை. கம்பியையும் விரிசலையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், விறைப்பு (வளையாமல் நிற்கும் தன்மை) ஆழத்தின் முப்படியைப் பொறுத்தது: 18 இஞ்சும் ஒன்றாக நின்றால் 5832, தனித்தனியாக நின்றால் 1728-உம் 216-உம் சேர்ந்து 1944. அதாவது மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு வரும் என்று காசு கொடுத்தோம், கிடைத்தது பழசில் எட்டில் ஒரு பங்கு கூடுதல். தூண் பக்கத்தில் விரிந்ததற்கும் காரணம் இருக்கிறது. வெட்டுவிசை (அடுக்குகளை வழுக்க வைக்கும் விசை) அங்கேதான் அதிகம், அதோடு புது கான்கிரீட் காயும்போது சுருங்கும், பழசு எப்போதோ சுருங்கி முடித்திருக்கும், அதனால் முனையில்தான் முதலில் உரியும்.

இன்னொன்று, இதைப் பலர் கேட்பதே இல்லை. வேலைக்கு முன்னால் முட்டும் ஜாக்கியும் கொடுத்துப் பீமின் மேல் இருக்கும் பாரத்தை இறக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்கெனவே இருக்கும் பாரம் முழுவதும் பழைய பீமிலேயே நிற்கும், ஒழுங்காக ஒட்டியிருந்தாலும் புது அடுக்கு பிறகு வரும் பாரத்தில் மட்டும்தான் பங்கெடுக்கும். எங்கள் வீட்டில் ஒரு முட்டுகூட வைக்கவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.

உங்கள் வீட்டில் இந்த வேலை நடந்தால், சென்ட்ரிங் பலகை அடிக்கும் முன்னால் நேரில் நின்று பாருங்கள். பூச்சு போய் ஜல்லி தெரிய வேண்டும், நட்ட கம்பியைக் கையால் இழுத்தால் அசையக் கூடாது, எபாக்ஸி காய்வதற்குள் கான்கிரீட் விழ வேண்டும். ஊரில் இல்லையென்றால் வேலையை நிறுத்தி வையுங்கள். ஒவ்வொன்றையும் போட்டோ எடுக்காமல் அந்த வரிக்கான பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இப்போது ஹால் நடுவில் இரும்பு முட்டு நிற்கிறது, மாடி ரூமைப் பூட்டி வைத்திருக்கிறோம். காண்ட்ராக்டர் போன் எடுப்பதில்லை. கொட்டேஷன், ரசீது, இன்ஜினியர் அறிக்கை மூன்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், இதே மாதிரி மாட்டியவர்கள் அதைத் தவறவிடாதீர்கள்.