பழைய வீடு வாங்கிச் சாயம் சுரண்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

ரப்பர்த் தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் அந்தக் காலத்தில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்பூட்டில் கட்டிக்கொண்ட பாதிக் கல், பாதிப் பலகை வீடு ஒன்றை வாங்கினேன். சாயம் உரிந்து தொங்கியது. சுரண்டிப் புதுசாக அடிக்க ஒரு குத்தகைக்காரரிடம் 6,500 வெள்ளிக்குப் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்தேன்.

பழைய சாயத்தில் ஈயம் இருக்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். அவரிடம் கேட்டேன்.

“ஈயச் சுரங்கம் இருந்த பேராக்ல பிறந்துட்டு ஈயத்துக்குப் பயப்படுறீங்களே அண்ணே!”

நானும் சேர்ந்து சிரித்தேன். நம் சுரங்கத்தில் எடுத்தது வெள்ளீயம், பாத்திரத்துக்குப் பூசுவது. சாயத்தில் கலந்தது காரீயம், சுத்தமான நஞ்சு. இரண்டுக்கும் நாம் ஈயம் என்றே சொல்லிப் பழகியது அவருக்கு வசதியாகப் போயிற்று.

மறுநாள் சன்னல் சட்டத்தில் சாயத்தைத் தேய்த்தெடுக்கும் மின் கிரைண்டரை வைத்தார். தண்ணீர் தெளிக்கவில்லை, பிளாஸ்டிக் விரிக்கவில்லை. பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். “ஒண்ணும் ஆகாது” என்றார். வெள்ளை, பச்சை, நீலம் எல்லாம் போய் அடியில் பளீரென்று மஞ்சள் வந்தது. அந்த மஞ்சளுக்கு ஈயக் குரோமேட் கலப்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. சாயங்காலம் பார்த்தால் சாமி மேடை, மீன்குழம்புச் சட்டி, பேத்தியின் பால்புட்டி மூடி வரைக்கும் மாவு போலத் தூசி. அவளுக்கு இரண்டு வயது. தரையைத் தடவிய கை நேரே வாய்க்குத்தான் போகும்.

மனசு கேட்காமல் அவளுக்கு இரத்தப் பரிசோதனை செய்தோம். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 9 மைக்ரோகிராம் காரீயம். 5 இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாதாம். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் கெடுக்கும். மருந்து வேண்டாம், தூசியை ஒழித்தால் மெல்ல இறங்கும் என்றார் டாக்டர். வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டோம்.

சுரண்டுவதற்கு முன்பே அடிமரம் வரைக்கும் எல்லா அடுக்கும் சேர்த்து ஒரு துண்டு பெயர்த்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஈயம் இருக்கிறதா என்று மேலே தேய்த்துப் பார்க்கும் சோதனைக் குச்சி அடியிலுள்ளதைக் காட்டாமல் போகலாம். உரியாத இடத்தை விட்டுவைத்து மேலேயே சாயம் அடித்திருக்கலாம். சன்னலும் கதவும்தான் ஆபத்து. திறந்து மூடும்போது உரசி உரசித் தூள் விழும். சுரண்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஈரமாக்கிச் சுரண்ட வேண்டும். துடைப்பத்தால் கூட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

முன்பணம் திரும்பவில்லை. குத்தகைக்காரர் போன் எடுப்பதுமில்லை. ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு பழைய வீட்டில் அவர் வேலை பிடித்திருப்பதாகக் கேள்வி. அந்த வீட்டுக்காரர் இதைப் படித்தால், முதலில் கிரைண்டரை நிறுத்தச் சொல்லுங்கள்.